ஒரு சூயிங்கம், ஒரு கிச்சன் டவல்

1974 ஜூன் 26. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்று ஒரு சின்ன ஊர். காலை எட்டு மணிக்கு அங்கிருந்த சூப்பர் மார்க்கெட்டில் ஒருவர் ரிக்லி சூயிங்கம் கட்டு ஒன்றை எடுத்து கவுன்ட்டரில் நீட்டினார். கவுன்ட்டர் பெண்மணி அதை வாங்கி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இழுத்தார். 'பீப்' என்றது. 67 சென்ட்.

அந்த 'பீப்' சத்தத்தைத்தான் இன்று வாரத்துக்கு நாலு தடவையாவது நீங்கள் கேட்கிறீர்கள். சோப்பு, சாம்பார்ப் பொடி, நீங்கள் கையில் வைத்திருக்கும் புத்தகம் என்று எல்லாவற்றின் முதுகிலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் இருக்கின்றனவே, அந்த பார்கோடு. அன்றைக்கு அந்தக் கண்ணாடி படித்த கோடுகளை வடிவமைத்தவர் ஐபிஎம் இன்ஜினீயர் ஜார்ஜ் லாரர். எங்கே உட்கார்ந்து செய்தார் என்று கேட்டால் நியூயார்க், கலிஃபோர்னியா என்று சொல்லத்தான் நமக்கு வாய் வரும். அவர் உட்கார்ந்திருந்தது வட கரோலினாவில், பைன் மரக் காட்டுக்கு நடுவே.

அந்தக் காட்டைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஊர்க்காரர்கள் சுருக்கமாக ஆர்டிபி என்கிறார்கள். விரித்தால் ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க். 'ஆராய்ச்சி முக்கோணப் பூங்கா' என்று மொழிபெயர்த்தால் ஊஞ்சலும் சறுக்குமரமும் தேடத் தோன்றும். மூன்று முனைகளில் மூன்று பல்கலைக்கழகங்கள்: டர்ஹமில் ட்யூக், சேப்பல் ஹில்லில் வட கரோலினாப் பல்கலைக்கழகம், ராலே நகரில் வட கரோலினா ஸ்டேட். நடுவில் சுமார் 7,000 ஏக்கர். அதில் இன்றைக்கு 300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேல் வேலை பார்ப்பவர்கள்.

இப்படிப் பல்கலைக்கழகத்தை ஒட்டி நிலம் ஒதுக்கி, கம்பெனிகளைக் குடியேற்றும் யோசனையை ஆரம்பித்துவைத்தது ஸ்டான்ஃபோர்டு. அதுவும் ஒரு சொத்துப் பிரச்னையால். நிலத்தை நன்கொடையாகக் கொடுத்த லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு அதை விற்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். கையில் ஆயிரக்கணக்கான ஏக்கர், பெட்டியில் காசில்லை. விற்க முடியாவிட்டால் என்ன, குத்தகைக்கு விடலாமே என்று 1951ல் ஆரம்பித்தார்கள். இன்ஜினீயரிங் டீன் ஃப்ரெடரிக் டெர்மன், யாருக்கு வேண்டுமானாலும் விடாதே, நம்மோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிற கம்பெனிக்கு மட்டும் கொடு என்றார். மீதிக் கதைதான் சிலிக்கன் வேலி. அதை ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள், விடுங்கள். இங்கிலாந்தில் கேம்ப்ரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி 1970ல் இதையே செய்தது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை நிறுத்திவைத்திருந்த மைதானத்தில் லேசர்காரர்களைக் குடிவைத்தார்கள்.

எனக்கு வட கரோலினாக் கதைதான் பிடிக்கும். காரணம், அது பணக்கார ஊரின் கதை இல்லை.

1950களில் அந்த மாநிலத்தில் இருந்தவை மூன்று தொழில்கள்: புகையிலை, ஜவுளி, மர நாற்காலி. மூன்றிலும் கூலி குறைவு. தனிநபர் வருமானத்தில் நாட்டின் கடைசி மாநிலங்களில் ஒன்று. மூன்று நல்ல பல்கலைக்கழகங்கள் இருந்தன, அதுதான் வயிற்றெரிச்சல். வரிப்பணத்தில் பையன்களைப் படிக்க வைப்பார்கள். பட்டம் வாங்கிய மறுநாள் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே ரயில் ஏறிவிடுவான். நமக்குப் புதிய கதையா இது?

முதலில் இதைப் பற்றிப் பேசியவர் ரோமியோ கெஸ்ட். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், கட்டட கான்ட்ராக்டர். ஃபேக்டரி கட்டுகிறவர். புது ஃபேக்டரி வந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. சுயநலம்தான், ஆனால் நல்ல சுயநலம். 'ஆராய்ச்சி முக்கோணம்' என்கிற பெயரே அவர் வைத்தது என்கிறார்கள். அவர் ஓயாமல் நச்சரித்து, கவர்னர் லூதர் ஹாட்ஜஸ் வரை விஷயம் போனது. ஜார்ஜ் சிம்ப்சன் என்கிற சமூகவியல் பேராசிரியரைப் பொறுப்பாகப் போட்டார்கள். அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பேராசிரியர்களின் கையில் பிரசுரங்களைக் கொடுத்து, ஊர் ஊராக கம்பெனி வாசலுக்கு அனுப்பினார். வேதியியல் புரொஃபசர் மருந்து கம்பெனிக்குப் போய், 'எங்க ஊர்ல இடம் இருக்கு, வர்றீங்களா?' என்று கேட்க வேண்டும். நம் ஊர்த் துறைத்தலைவர் ஒருவரை அந்த இடத்தில் வைத்துக் கற்பனை செய்து பாருங்கள்.

நிலம் வாங்கப் பணம்? கார்ல் ராபின்ஸ் என்கிற நியூயார்க் ஜவுளி முதலாளி முன்வந்தார். 1957ல் நிலம் வாங்க ஆரம்பித்தார்கள். ஓய்ந்துபோன விவசாய நிலமும் பைன் காடுமாகச் சுமார் 4,000 ஏக்கர். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. மற்ற முதலீட்டாளர்கள் யாரும் வரவில்லை. லாபம் எப்போது வரும் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாத தொழிலில் எவன் பணம் போடுவான்?

அப்போது ஆர்ச்சி டேவிஸ் என்கிற பாங்க்காரரைக் கூப்பிட்டு, 'இந்த ஷேரையெல்லாம் கொஞ்சம் விற்றுக் கொடுங்கள்' என்றார்கள். வாக்கோவியா பாங்க்கில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் யோசித்துவிட்டு விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இது லாபத்துக்கு நடத்தும் தொழில் என்றால் மூன்று பல்கலைக்கழகங்களின் பெயரை இழுப்பது சரியில்லை. மாநிலத்தின் நன்மைக்கு என்றால் ஷேர் எதற்கு, நன்கொடையாகவே கேட்கலாம் என்பது அவர் கட்சி. ஷேர் வாங்காதவன் நன்கொடை கொடுப்பானா என்று நீங்களும் நானும் கேட்போம். மனிதர் காரை எடுத்துக்கொண்டு மாநிலம் முழுக்கச் சுற்றினார். 1959 ஜனவரியில் அறிவித்தபோது சேர்ந்திருந்தது 14 லட்சம் டாலருக்கு மேல். ராபின்ஸின் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லாப நோக்கில்லாத ஓர் அமைப்பின் பெயரில் நிலத்தை மாற்றினார்கள். அந்த அமைப்புதான் இன்றைக்கும் நடத்துகிறது.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் கரூர் ஞாபகம் வந்துவிடும். கரூர் வைஸ்யா பாங்க் 1916, லட்சுமி விலாஸ் பாங்க் 1926. வியாபாரிகள் கூடிச் சேர்ந்து ஊருக்கென்று பாங்க் ஆரம்பித்த பூமி அது. (இதில் லட்சுமி விலாஸ் 2020ல் சிங்கப்பூரின் டிபிஎஸ்ஸுக்குள் கரைந்துபோனது. அங்கே வாக்கோவியாவை 2008 நெருக்கடியில் வெல்ஸ் ஃபார்கோ வாங்கிவிட்டது. பாங்க் ராசியிலும் இரண்டு ஊருக்கும் ஒற்றுமைதான்.)

சரி, 1959ல் பார்க் வந்தாச்சு. அப்புறம் என்ன ஆச்சு?

கிட்டத்தட்ட ஒன்றும் ஆகவில்லை. செயற்கை நூலிழை செய்யும் கெம்ஸ்ட்ராண்ட் வந்தது. பின்னாளில் விளையாட்டு மைதானங்களில் விரித்த ஆஸ்ட்ரோடர்ஃப் என்கிற பிளாஸ்டிக் புல் அவர்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்ததுதான். அதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படியாக ஆறு வருஷம் பெரிய ஆள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1965ல்தான் விடிந்தது. அந்த ஒரே வருஷத்தில் சுற்றுச்சூழலும் உடல்நலமும் பற்றி ஆராயும் மத்திய அரசு நிறுவனம் ஒன்று அங்கே வருவதாக முடிவானது; சில மாதத்தில் ஐபிஎம் வருகிறேன் என்றது. 1970ல் பர்ரோஸ் வெல்கம் மருந்து கம்பெனி வந்தது. அங்கே வேலை செய்த கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். எய்ட்ஸுக்கு முதலில் வந்த மருந்தான ஏஇசட்டியும் அந்த கம்பெனியுடையதுதான்.

அந்த ஆறு வருஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடுவில் தேர்தல், கவர்னர் மாற்றம். காட்டை வாங்கி வைத்துக்கொண்டு என்ன பண்ணுகிறீர்கள் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! நம் ஊராக இருந்தால் நாலாவது வருஷம் பிளாட் போட்டிருப்பார்கள். 'ரிசர்ச் நகர், பேஸ் டூ, இலவச பத்திரப் பதிவு.'

2023 அக்டோபரில் நான் அங்கே போயிருந்தேன். ஆராய்ச்சிக்காகப் போகவில்லை, குடும்ப விஷயம். என் பெரியப்பா மகன் கரூரில் டவல், மேஜை விரிப்பு, ஏப்ரன் ஏற்றுமதி செய்கிறார். தறி ஓட்டி, ஜாப் ஒர்க் எடுத்து, மெல்ல மெல்ல மேலே வந்தவர். அவருடைய ஒரே மகள் கோயமுத்தூரில் டெக்ஸ்டைல் படித்துவிட்டு, மேல்படிப்புக்கு வட கரோலினா ஸ்டேட்டுக்குப் போனவள், அங்கேயே வேலையில் இருந்தாள். நான் அமெரிக்கா கிளம்புகிறேன் என்று தெரிந்ததும் அண்ணன் போன் பண்ணினார்.

"நீ போறயல்ல, பாப்பாவை ஒரெட்டு பாத்துட்டு வா. எப்ப வர்றான்னு கேளு. நான் கேட்டா 'பாக்கலாம்ப்பா'ங்கறா. எனக்கு அறுபத்திரெண்டு ஆச்சு. யாருக்காக இந்த ஷெட்டு?"

பாப்பாவுக்கு வயது முப்பது.

முதல் நாளே ஆர்டிபியைக் காட்டச் சொன்னேன். காரில் கூட்டிக்கொண்டு போனாள். மரம், மரம், மறுபடியும் மரம். எப்போதாவது ஒரு பெயர்ப் பலகை. அதற்குப் பின்னால் எங்கோ மறைந்து ஒரு கட்டடம். இருபது நிமிஷம் ஆனதும் பொறுமை இழந்து, "எங்கம்மா பார்க்?" என்று கேட்டேன்.

"நாம அதுக்குள்ளதாங்க சித்தப்பா இருபது நிமிஷமாப் போயிட்டிருக்கோம்."

தெருவில் ஈ காக்காய் இல்லை. டீக்கடை இல்லை. மனையில் பெரும்பகுதியைக் காடாகவே விட்டுவிட்டு ஒரு சிறு பங்கில்தான் கட்டலாம் என்று ஆரம்பத்தில் விதி; வீடு கட்டவும் தடை. காலையில் கார் வரும், சாயங்காலம் கார் போகும். 1960களில் அமைதியான காடுதான் விஞ்ஞானிக்குப் பிடிக்கும் என்று நினைத்தார்கள். இன்றைய இளைஞர்களுக்கு அப்படி இல்லை. பக்கத்துக் கம்பெனிக்காரனோடு காபி குடித்தால்தான் புது யோசனை வருகிறதாம். அதனால் இப்போது விதியை மாற்றி, நடுவில் ஓரிடத்தில் குடியிருப்பும் கடையும் கட்டுகிறார்கள். 2021ல் பழைய கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி ஒரு கடைவீதி திறந்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். கன்டெய்னருக்குள் சாப்பிட்டதாகச் சொன்னதும் அண்ணன், "அதுல நான் டவல்தான் அனுப்பியிருக்கேன்" என்றார்.

பார்க்கில் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. விஷயம் மறுநாள் அவளுடைய பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ராலேயில் 'சென்டெனியல் கேம்பஸ்' என்று 1980களில் அவர்களே தனியாக ஒரு பார்க் ஆரம்பித்தார்கள். வகுப்பறையும் கம்பெனியும் ஒரே தெருவில். ஜவுளிக் கல்லூரியும் அங்கேதான். அதை ஒட்டி நெய்யாத துணிகளுக்கென்று ஒரு நிலையம். நெய்யாத துணி என்றால் தறியே இல்லாமல், நூலிழைகளை நேரடியாக ஒட்டி, அழுத்திச் செய்வது. டயாப்பர், டீ பேக், மாஸ்க் எல்லாம் அந்த ஜாதி. 2020ல் மாஸ்க்குக்கு உலகமே தவித்தபோது இந்த நிலையம் தன் இயந்திரங்களிலேயே மாஸ்க் துணி ஓட்டிக் கொடுத்தது.

நிஜ ஃபேக்டரி மாதிரி முழு நீள இயந்திரங்கள் அங்கே நிற்கின்றன. ஒன்று வாங்க வேண்டுமென்றால் கோடிகள் ஆகும். ஆனால் கம்பெனிக்காரன் வாங்க வேண்டியதில்லை. தன் மூலப்பொருளைக் கொண்டுவந்து, கட்டணம் கட்டி, சோதனைக்கு ஓட்டிப் பார்த்துக்கொண்டு போகலாம். சரிவந்தால் ஆர்டர் பிடித்துவிட்டு, அப்புறம் சொந்தமாக வாங்கட்டும். வராவிட்டால் நஷ்டம் கொஞ்சம்தான். பக்கத்திலேயே நிற்கும் மாணவன் அந்த இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கற்கிறான். பெரும்பாலும் அந்த கம்பெனியே அவனை வேலைக்கு எடுத்துக்கொள்கிறது.

பல்கலைக்கழகத்தால் ஒரு வட்டாரம் எப்படிப் பிழைக்கிறது என்று பெரிய பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் நின்ற அரை மணி நேரத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சின்ன ஆள் தோற்றுப் பார்ப்பதற்குக் குறைந்த வாடகையில் ஓர் இடம். கட்டடமும் புல்வெளியும் நீரூற்றும் அப்புறம்.

வீடியோவில் அண்ணனுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இதே மாதிரி சாயத்துக்கு ஏதாச்சும் வெச்சிருக்காங்களான்னு கேளு" என்றார்.

கரூர், திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: பருத்தியில் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். தண்ணீரில் நனைந்த பருத்திக்கும் எதிர்மின் தன்மை, சாயத்துக்கும் எதிர்மின் தன்மை. ஒன்றை ஒன்று தள்ளும். நடுவில் உப்பைக் கொட்டினால்தான் சமாதானம் ஆகும். அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமிலிருந்து 100 கிராம் வரை. சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு அப்படியே தண்ணீரில் நிற்கும். அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததால்தான் நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை விவசாயிக்கு ஆகாத அணையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அமராவதிக் கரையிலும் வயிறு கலங்கியது. இன்றைக்கு சுத்திகரிப்பு செய்கிறார்கள், ஆனால் பிரித்தெடுத்த உப்பை எங்கே வைப்பது என்கிற தலைவலி தீரவில்லை. செலவு வேறு.

பாப்பா சொன்னாள்: "உப்பே இல்லாமப் போடலாம்ப்பா. பருத்தியை முன்னாடியே ஒரு கெமிக்கல்ல ஊற வெச்சு பாசிட்டிவ் சார்ஜ் ஏத்திட்டா, சாயம் தானா வந்து ஒட்டிக்கும். இங்க எங்க காலேஜ்ல ரொம்ப வருஷமாப் பண்றாங்க. கேரில பருத்தி விவசாயிங்களோட ஆராய்ச்சி சென்டரே இருக்கு."

"அப்புறம் ஏன் இங்க யாரும் பண்றதில்ல?"

"விலை ஜாஸ்தி. சாயம் திட்டுத் திட்டா ஏறும். மீன் நாத்தம் வேற வரும். உங்க தண்ணிக்கு, உங்க நூலுக்கு, அங்கயே வெச்சு நூறு தடவை ஓட்டிப் பாத்தாத்தான் சரியாகும்."

அண்ணன் கப்பென்று பிடித்துக்கொண்டார். "அப்ப வந்து ஓட்டு."

இதற்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னைக் கன்னாபொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதுதான் அவளுடைய பதில் என்பது போகும் வழியில் புரிந்தது.

ராலேயிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம், சார்லட் நகரத்துக்குப் பக்கம். கன்னாபொலிஸ் டவல் ஊர். கேனன் மில்லுக்காகவே உண்டான ஊர். வீடு, தெரு, எல்லாம் மில்லுடையது. எங்கள் அண்ணன் தலைமுறைக்கு கேனன் டவல் என்றால் ஒரு பக்தி. ஆரம்ப காலத்தில் பையர் அனுப்பிய சாம்பிளைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். கடைசியில் பில்லோடெக்ஸ் என்கிற பெயரில் நடந்த அந்தக் கம்பெனி 2003 ஜூலை 30 அன்று மூடப்பட்டது. கன்னாபொலிஸ் வட்டாரத்தில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. அந்த மாநிலச் சரித்திரத்தில் ஒரே நாளில் அத்தனை பேருக்கு அதற்கு முன் வேலை போனதில்லை. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பள்ளிப் படிப்பையே முடித்தவர்கள் அல்ல.

2005 ஜனவரி 1ல் உலக ஜவுளி வர்த்தகத்தின் கோட்டா முறை முடிந்தது. சீனா, பாகிஸ்தான், இந்தியா என்று ஆர்டர்கள் பாய்ந்தன. அந்த வருஷம்தான் எங்கள் அண்ணன் இரண்டாவது ஷெட் போட்டார். கிரகப்பிரவேசத்துக்கு நானும் போய் லட்டு சாப்பிட்டேன்.

மில் இருந்த நிலத்தை டேவிட் மர்டாக் என்கிற கோடீஸ்வரர் வாங்கினார். 1980களில் சில வருஷம் அந்த மில்லுக்கே முதலாளியாக இருந்தவர். மில்லை இடித்துவிட்டு, அதன் மேல் வட கரோலினா ரிசர்ச் கேம்பஸ் கட்டினார். தலையில் குவிமாடம் வைத்த ஜம்மென்ற கட்டடத்தோடு 2008ல் திறந்தார்கள். ட்யூக் உட்படப் பல பல்கலைக்கழகங்கள் வந்தன. காய்கறி, பழம், சத்துணவு என்று ஆராய்ச்சி. ஆர்டிபி மாதிரி இன்னொன்று என்றார்கள். ஆயிரக்கணக்கில் வேலை என்றார்கள். அதே வருஷம் பொருளாதாரம் குப்புற விழுந்தது. நல்ல ஆராய்ச்சி நடக்கிறது, மறுக்கவில்லை. வேலைகள் சொன்ன அளவுக்கு வரவில்லை. வந்தவையும் தறியில் நின்றவர்களுக்கான வேலையாகப் பெரும்பாலும் இல்லை. சிலர் கம்யூனிட்டி காலேஜில் ஐம்பது வயதில் சேர்ந்து ஆய்வகத் தொழில்நுட்பம் கற்றார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ட்யூக் அங்கே ஒரு பெரிய மருத்துவ ஆய்வு ஆரம்பித்தது. அந்த வட்டாரத்து மக்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ரத்தமும் உடல்நல விவரமும் கொடுத்தார்கள். மில் இருந்த இடத்துக்குள் பலர் மறுபடி நுழைந்தது இப்படித்தான், ஒரு சிறு குப்பியில்.

நல்ல காரியத்துக்குத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் எனக்குத் தொண்டையில் ஏதோ மாட்டியது. அந்தக் குவிமாடத்துக்கு எதிரே புல்தரையில் நின்றுகொண்டு பாப்பா கேட்டாள்:

"நான் அங்க வந்து, நீங்க சொல்ற மாதிரி ஒரு லேப் வெச்சு, எல்லாம் ஆட்டோமேட் பண்ணிட்டா, செக்கிங்ல இருக்கற அக்காங்க எல்லாம் எங்க போவாங்க சித்தப்பா? எனக்கு அதுக்கு பதில் தெரியல. அதான் 'பாக்கலாம்ப்பா'ன்னு சொல்லிட்டிருக்கேன்."

அண்ணன் ஷெட்டில் பீஸ் செக்கிங்கில் மட்டும் நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். பாப்பாவைத் தூக்கி வளர்த்தவர்கள் அதில் இரண்டு பேர். பையன், பெண் யாரும் வெளியூர் போகக் கூடாது என்பதற்காகத்தான் பார்க் எல்லாம். ஆனால் அதில் யாருடைய பையன், யாருடைய பெண்? ஆர்டிபி அந்த மூன்று நகரங்களைத் தூக்கிவிட்டது, சந்தேகமே இல்லை. பட்டதாரி இப்போது வடக்கே ரயில் ஏறுவதில்லை. வடக்கத்தியான் அங்கே வருகிறான். கேரியில் இந்தியர்கள் பெருகி, பெருமாள் கோயிலுக்கு 87 அடி ராஜகோபுரம் எழுப்பி, 2022ல் கவர்னரே வந்து திறந்துவைத்தார். ஆனால் அங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் எந்தப் பக்கம் போனாலும் பூட்டிய மில்லும் காலி மெயின் ரோடும் இன்னமும் கண்ணில் படுகின்றன.

நம் பக்கம் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திருச்சியில், அப்போதைய ஆர்இசி கல்லூரியை ஒட்டி, 1986லேயே ஒரு தொழில்முனைவோர் பூங்கா வந்தது. நாட்டின் முதல் சிலவற்றில் ஒன்று. கோயமுத்தூரில் பிஎஸ்ஜி கல்லூரியில் ஒன்று இருக்கிறது. அங்கேயே சிட்ரா என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் 1950களிலிருந்து இருக்கிறது. 2020ல் மருத்துவர்களின் கவச உடையைச் சோதித்துச் சான்று கொடுத்தது அவர்கள்தான். சென்னை ஐஐடி 2010ல் திறந்த ரிசர்ச் பார்க்கில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இடம் பிடித்த கம்பெனி வாடகை மட்டும் கட்டினால் போதாது. பேராசிரியரோடு ஆராய்ச்சி செய்தால் இத்தனை, மாணவனை எடுத்துக்கொண்டால் இத்தனை என்று புள்ளிகள் சேர்த்தாக வேண்டும். சும்மா ஏசி ரூமில் உட்கார்ந்து பில் போட முடியாது. ராக்கெட் விடும் அக்னிகுல் அங்கே வளர்ந்ததுதான். ஏத்தர் ஸ்கூட்டரும் சென்னை ஐஐடி மாணவர்கள் அந்த வளாகத்தில் தொடங்கியது. கரு சென்னை, தலைமையகம் பெங்களூரு, ஃபேக்டரி ஓசூர். கருவைச் சுமந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஓசூரில் ஸ்கூட்டர் பூட்டும் பெண்ணிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வாள்.

கரூரிலிருந்து திருச்சி 80 கிலோமீட்டர். கோயமுத்தூர் கொஞ்சம் கூட. இத்தனை வருஷத்தில் இந்த இடங்களில் எதற்காவது போயிருக்கிறீர்களா என்று அண்ணனைக் கேட்டேன்.

"சர்ட்டிஃபிகேட் வாங்கப் போயிருக்கேன்."

"ஏதாவது கேட்கப் போயிருக்கிறீர்களா?"

"என்னன்னு கேக்கறது? அவங்க நம்மளக் கேட்டாங்களா?"

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சிம்ப்சன் மாதிரி யாராவது புரொஃபசரின் கையில் ஒரு பையைக் கொடுத்துக் கரூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தால் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேச்சுவார்த்தை. நான் நடுவர். அவள் முழுசாக வருவதாகச் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நூல் சாயம் போடுகிற சின்ன மெஷின் ஒன்றை உற்பத்தியிலிருந்து கழற்றி அவளுக்கென்று தனியாக விட வேண்டும். கோயமுத்தூரில் சோதனைக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கக் கூடாது. பட்டறையில் இருக்கும் இரண்டு பையன்களும் செக்கிங்கிலிருந்து இரண்டு பெண்களும் ஆரம்பத்திலிருந்தே அவளோடு நின்று கற்றுக்கொள்ள வேண்டும், சம்பளம் குறையாமல். இதெல்லாம் அவளுடைய நிபந்தனைகள்.

அண்ணன் எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டார். ஒன்றே ஒன்றில்தான் இழுபறி. எத்தனை நாள் ரிசல்ட் கேட்காமல் இருப்பது? அவள் இரண்டு வருஷம் என்றாள். அண்ணன் ஆறு மாசத்தில் ஆரம்பித்தார். ஆர்டிபியின் ஆறு வருஷத்தை நான் எடுத்துச் சொன்னபோது, "அவங்க காசு தானமா வந்தது, எனக்கு பாங்க்ல வட்டி ஓடுது" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை நிலவரப்படி ஒரு வருஷம் மூன்று மாசத்தில் நிற்கிறது.